இடிமுழக்கம் வந்த பெட்டி

ஒரு காட்டில், அதுவும் சிங்கம் இல்லாத ஒரு காட்டில், நடந்த கதை இது. சிங்கம் இருந்தால் அதுதான் ராஜா. ராஜா இருந்தால் கதையின் முடிவில் ஒரு கர்ஜனை போட்டு, நல்லவருக்குப் பரிசும் கெட்டவருக்குத் தண்டனையும் கொடுத்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடும். இந்தக் காட்டில் அந்த வசதி இல்லை. யார் நல்லவர், எது நல்ல சரக்கு என்பதை அவரவரே விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வந்த வினையே அங்கேதான் தொடங்கியது.

அந்தக் காட்டில் ராக்கியண்ணன் என்று ஒரு கரடியார் இருந்தார். மலைச்சரிவில் ஒரு குகை, குகைக்குள் ஒரு விறகடுப்பு, அடுப்புக்குப் பக்கத்தில் பழனாத்தாள் என்ற மனைவி. கரடிக்கு எதற்கு அடுப்பு என்று கேட்பவர்கள் ஐப்பசி மாதம் அந்த மலைக்கு ஒரு தடவை போய்வந்துவிட்டுக் கேட்கலாம். பழனாத்தாளுக்கு அது தலைப்பிரசவம். ஐப்பசி மழை பிடித்தால் கார்த்திகை முடியும்வரை விடாது. அந்தக் குளிரில் பிறக்கப்போகும் குட்டிக்குக் கதகதப்பு வேண்டுமென்றால், மழைக்கு முன்னால் விறகு அறுத்துக் குகைக்குள் அடுக்கியாக வேண்டும். முழுசாக ஒரு மாதம் கையில் இருந்தது.

விறகுக்குப் பஞ்சமில்லை. ஆடிக் காற்றில் ஒரு பெரிய வாகை மரம் குகை வாசலிலேயே விழுந்து கிடந்தது. வெயிலில் நன்றாகக் காய்ந்தும் விட்டது. அறுக்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

முதல் நாளே பக்கத்துப் புதரிலிருந்து நரி மாரப்பன் தன் கை ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தது. ஆளுக்கு ஒரு முனை பிடித்து இழுத்தால் பத்து நாளில் மரத்தை விறகாக்கிவிடலாம் என்றது. அந்தக் காட்டில் நரியை மட்டும் யாரும் ‘அவர்’ என்று சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை. காட்டு வழக்கத்தை மாற்ற நான் யார்?

ராக்கியண்ணன் சிரித்து மழுப்பினார். நரி ஒரு காரியத்துக்குச் சும்மா வருமா? சின்ன வயதிலிருந்து எத்தனை கதை கேட்டிருக்கிறார். அது போனபின் மனைவியிடம் சொன்னார்: இந்தக் காலத்தில் நாலு பேர் பார்க்கும்படி நரியோடு உட்கார்ந்து ரம்பம் இழுத்தால் மரியாதை என்னாவது, ஒரு செயின் ரம்பமே வாங்கிவிடலாம், அதுவும் நம்பி வாங்கக்கூடிய நல்ல மிஷினாக.

நல்ல மிஷின் விற்பவர் அந்தக் காட்டில் ஒருவர்தான். புள்ளிமான் சுகுமாரன். ஈரம் கசியும் பெரிய கண்கள். குரல் உயராது. புல்லைத் தவிர வேறு எதையும் தின்றதில்லை. அந்த முகத்தை வைத்துக்கொண்டு எதையும் விற்கலாம். அவர் ‘இடிமுழக்கம் 58’ என்ற செயின் ரம்பத்தை விற்றார். பையிலிருந்து வழவழப்பான தாளில் அச்சடித்த புத்தகத்தை எடுத்து விரித்தார். படத்தில் ஒரு புலி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மரம் அறுத்துக்கொண்டிருந்தது. எடை, குதிரைத்திறன், செயினில் எத்தனை பல், பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலக்க வேண்டும் என்று எல்லாம் சொன்னார். ராக்கியண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆகவே மிகவும் பிடித்துப்போயிற்று.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாரப்பன் மெதுவாகக் கேட்டது. வருஷத்தில் எத்தனை நாள் மரம் அறுக்கப்போகிறீர்கள் என்பது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வியை அது கொஞ்சம் சத்தமாகவே கேட்டது.

“மிஷின் மக்கர் பண்ணுச்சுன்னா பாக்கறதுக்கு ஆள் எங்கீங்க இருக்குது?”

சுகுமாரன் தயங்கவே இல்லை. “அம்பது மிஷின் வித்துதுன்னா இந்தக் காட்டுலயே கம்பெனிக்காரங்க சர்வீஸ் சென்டர் தொறக்கறாங்கண்ணா. நாப்பத்தெட்டு ஆயிப்போச்சு.”

“அந்த நாப்பத்தெட்டுல மொதல் மிஷின் என்னுதுங்க. கயித்த இழுத்து இழுத்து என்ற தோள்பட்டையே எறங்கிப்போச்சு. இன்னிக்கி வரைக்கும் ஒரு இருமல்கூட இருமலீங்க” என்றது மாரப்பன்.

சுகுமாரனின் கண்களில் தண்ணீர் தளும்பியது. பழனாத்தாளுக்கு மனசு தாங்கவில்லை. ஒரு மானை அழவைத்துவிட்டதே இந்த நரி என்று உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். மானுக்குத்தான். நரிக்கு இல்லை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. எதை வாங்கினாலும் சம்பந்தம் பார்ப்பது போல, ஏற்கெனவே வாங்கியவர்கள் வீட்டில் மூன்று இடத்தில் விசாரிப்பார்கள். அதோடு ஒட்டிய இன்னொரு வழக்கமும் உண்டு. விசாரிக்க வந்தவரிடம் குறை சொல்லி, கூடிவருகிற சம்பந்தத்தைக் கலைப்பது பெரிய பாவம். இந்த இரண்டு வழக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று அந்தக் காட்டில் யாரும் யோசித்ததில்லை. நம் பக்கத்திலும் அப்படித்தான்.

ராக்கியண்ணன் முதலில் காட்டெருமை சேமலையப்பன் வீட்டுக்குப் போனார். பெரிய மனிதர், அதாவது பெரிய எருமை. இரண்டு முறை தலைவராக இருந்தவர். அவர் வீட்டு நடுக்கூடத்தில் இடிமுழக்கம் ஒரு மேஜைமேல் வீற்றிருந்தது. சந்தனம், குங்குமம், போன வருஷ ஆயுத பூஜைக்குப் போட்ட மாலை, அதன்மேல் தூசி. மிஷின் எப்படி என்று கேட்டதற்குத் தங்கமான மிஷின் என்றார். ஓட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டபோது, வாசல் மரத்தில் மைனா குஞ்சு பொரித்திருக்கிறது, இந்தச் சத்தத்தைத் தாங்காது என்றார். எவ்வளவு சத்தம் போடும் மிஷினாக இருந்தால் குஞ்சுக்கு ஆகாது என்று சொல்வார் என ராக்கியண்ணன் வியந்தார். எழுந்து வரும்போது சமையல்கட்டு கண்ணில் பட்டது. அடுப்பு அணைந்து கிடந்தது. சாம்பலில் நீள நீளமாகச் சில ஆணிகள் கிடந்தன. பெரிய வீட்டில் ஆணி கிடப்பது ஒன்றும் அதிசயமில்லை என்று வந்துவிட்டார்.

இரண்டாவது காட்டுப்பன்றி வீடு. தங்கமான மிஷின் என்று அவரும் சொன்னார். இப்போதுதான் ஓட்டி நிறுத்தினேன், கொதிக்கிறது, கையை வைத்துவிடாதீர்கள் என்றும் சொன்னார். ராக்கியண்ணன் ஆவலை அடக்க முடியாமல் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. இத்தனை சீக்கிரம் ஆறுகிற மிஷினை அவர் கேள்விப்பட்டதே இல்லை. அந்த வீட்டு அடுப்பிலும் ஆணி கிடந்தது.

மூன்றாவது மலை அணில் வீடு. மிஷினுக்குப் பக்கத்தில் அணில் நின்றால் மிஷின்தான் அணிலைத் தூக்க வேண்டும். அவரும் தங்கம் என்றே சொன்னார்.

மூன்று பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னபிறகு சந்தேகத்துக்கு இடமேது? அந்த வருஷம் எடுத்த மலைத்தேன் முழுவதையும் கொடுத்து ராக்கியண்ணன் நாற்பத்தொன்பதாவது மிஷினை வாங்கினார்.

மிஷின் ஒரு மரப்பெட்டியில் வந்தது. அந்தப் பெட்டியைச் சொல்லியாக வேண்டும். கணுவில்லாத பலகை. இழைத்து, விளிம்பு தேய்த்து, மூலைக்குப் பத்து ஆணி அடித்து, பக்கவாட்டில் கறுப்பு மையில் இடியும் மின்னலும் வரைந்திருந்தார்கள். தட்டினால் டக் டக்கென்று மத்தளம் மாதிரி பேசியது. உள்ளே இருந்ததைச் செய்தவனும் இதைச் செய்த தச்சனும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்திருக்க முடியாது.

ராக்கியண்ணன் மிஷினுக்குப் பொட்டு வைத்தார். எலுமிச்சம்பழம் நசுக்கினார். பெட்ரோல் ஊற்றி, ஒரு காலால் மிதித்துக்கொண்டு கயிற்றை இழுத்தார். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தார். வாகை மரத்தில் உட்கார்ந்திருந்த காக்கைகூடப் பறக்கவில்லை. அன்று சாயங்காலம்வரை இழுத்தார், மறுநாளும் இழுத்தார், ஒரு வாரம் இழுத்தார். மாரப்பன் வேலிக்கு அப்பால் இருந்து, மிஷின் இருக்கட்டும், ரம்பம் சும்மாதான் இருக்கிறது என்றது. ராக்கியண்ணன் அதைப் பார்த்து முறைத்துவிட்டு, மிஷின் புதுசு, இப்போதுதான் பழகிக்கொண்டு வருகிறது என்றார்.

கம்பெனிக்குப் போன் போட்டார். மயில் ஒன்று இனிமையான குரலில், உங்கள் மிஷின் ஓடவில்லை என்றால் ஒன்றை அழுத்தவும் என்றது. அழுத்தினார். உங்கள் காட்டில் சர்வீஸ் சென்டர் இருந்தால் அங்கே கொண்டுபோகவும், இல்லை என்றால் காத்திருக்கவும் என்றது. காத்திருந்தார். போனில் நாதஸ்வரம் வாசித்தார்கள்.

ராக்கியண்ணனுக்கு முதலில் வெட்கம்தான் வந்தது. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தக் கோபத்தோடு சேமலையப்பன் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டார். காட்டெருமை எழுந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். முகத்தில் கொஞ்சம்கூடக் கலக்கமில்லை.

“ஓடாதுன்னு சொல்லியிருந்தா நீ வாங்கியிருப்பியா?”

“மாட்டனுங்க.”

“நீ வாங்காட்டி அம்பது எப்பத்தான் ஆவறது? அம்பது ஆவாட்டி என்ற மிஷின எவன் வந்து பாப்பான்? இப்ப உன்ற மிஷினும் சேந்து நிக்குது. இன்னும் ஒண்ணே ஒண்ணு. போயி நல்ல வார்த்தை சொல்ற வழியப் பாரு.”

அநியாயம் என்று சொல்லத்தான் ராக்கியண்ணன் வாயைத் திறந்தார். ஆனால் கணக்கு சரியாக இருந்தது. வாகை மரத்தை நினைத்தார், பழனாத்தாளை நினைத்தார். ஐம்பதாவது ஆள் யாராவது சீக்கிரம் மாட்டமாட்டானா என்ற நினைப்போடுதான் வீடு திரும்பினார்.

அன்று மத்தியானமே மழை பிடித்தது. இரண்டு நாளில் வாகை மரம் ஊறி, தொட்டால் தண்ணீர் கசிந்தது. மூன்றாம் நாள் காலையில் பழனாத்தாளுக்கு வலி கண்டது. குட்டி பிறந்தது, உள்ளங்கையில் அடங்கும்படி, வெளுத்த மூக்கோடு. வெந்நீர் வைக்க வேண்டும், குகையில் ஒரு சுள்ளிகூட இல்லை. பழனாத்தாள் படுத்தபடியே மூலையைக் கை காட்டினாள். ராக்கியண்ணன் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு பெட்டியைப் பிரித்துப் பலகை பலகையாக அடுப்பில் வைத்தார். அப்படி எரிந்தது அந்தப் பெட்டி. வெந்நீர் காய்ந்தது, குகை சூடேறியது, குட்டி நடுக்கம் விட்டுத் தாயின் மடியில் தூங்கியது. மறுநாள் சாம்பல் அள்ளும்போது நீள நீளமாக ஆணிகள் கிடந்தன. அப்போதுதான் ராக்கியண்ணனுக்கு மற்ற வீட்டு ஆணிகளின் சேதி புரிந்தது. அந்த மிஷினால் அந்தக் காட்டுக்குக் கிடைத்த விறகு அவ்வளவுதான்.

குட்டியைப் பார்க்கப் பழனாத்தாளின் தம்பி கொழந்தவேலு வந்தான். நல்ல பையன். கையில் கருப்பட்டியும் சுக்கும் கொண்டுவந்திருந்தான். மூலையில் பொட்டு வைத்து நின்ற மிஷினைப் பார்த்தான். அவன் மாமனாருக்கு வயதாகிவிட்டது, அந்த வீட்டுக்கு விறகு அறுத்துப்போட ஒரு மிஷின் வாங்கலாமா என்று யோசனையாம். வழக்கப்படி விசாரிக்க வேண்டும் அல்லவா, மூன்றாவது இடமாக இங்கே வந்திருக்கிறானாம்.

அந்நியனாக இருந்தால் ராக்கியண்ணன் தங்கம் என்று சொல்லியிருப்பார். மச்சானிடம் வாய் வரவில்லை. மாப்ள, அது வந்து, என்று இழுத்தார். கரடியாக இருந்தாலும் அவருக்குள்ளும் ஏதோ ஒன்று இருந்தது. உண்மை நாக்கு நுனிவரைக்கும் வந்தது என்று நான் சத்தியம் செய்வேன்.

அதற்குள் அடுப்போரத்திலிருந்து பழனாத்தாள் குரல் வந்தது. குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, தம்பியின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

“தங்கமான மிஷின் தம்பி. கண்ண மூடிக்கிட்டு வாங்கு.”

மூன்று நாளில் ஐம்பது ஆயிற்று.

சுகுமாரன் சொன்ன சொல் தவறவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். பொய் சொல்லாத மான் அவர், உண்மையை மட்டும் சொல்லி விற்றவர். ஆற்றங்கரையில் சர்வீஸ் சென்டர் திறந்தார்கள். சேமலையப்பன் ரிப்பன் வெட்டினார். கொட்டுகிற மழையில் ஐம்பது மிருகங்கள் ஐம்பது மிஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றன. கவுன்ட்டரில் ஓர் ஆமை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, முதல் படிவத்தைப் படித்து முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. பிறகு தலையை நிமிர்த்திக் கேட்டார்.

“பெட்டி எங்க?”

என்ன பெட்டி என்றார் சேமலையப்பன். மிஷின் வந்த ஒரிஜினல் மரப்பெட்டி, உத்தரவாத எண் அதன் அடிப்பலகையில்தான் இருக்கிறது, பெட்டி இல்லாமல் மிஷினைத் தொட எனக்கு அதிகாரம் கிடையாது என்றார் ஆமை. சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பையும் காட்டினார். ஐம்பது வீட்டு அடுப்புச் சாம்பலும் அவரவர் கண்முன்னே வந்துபோயிற்று. கொழந்தவேலு வாங்கியே நாலு நாள்தான் ஆகியிருந்தது. அவன் மாமனாருக்கும் குளிர் எடுத்திருக்கிறது.

ஐம்பது வீடு என்று சொன்னது தப்பு. நாற்பத்தொன்பது. வரிசையின் கடைசியிலிருந்து மாரப்பன் முன்னால் வந்தது. அதன் மிஷின் ஓட்டிப் பார்த்தபின் திரும்ப வைத்த பெட்டிக்குள்ளேயே, பெட்டியின் மூலை ஆணி ஒன்றும் கழலாமல் இருந்தது. கை ரம்பத்தால் அறுத்த விறகு வீடு நிறைய இருக்கும்போது பெட்டியை எரிக்க அதற்கு என்ன அவசியம்? ஆமை எண்ணைச் சரிபார்த்தார். மிஷினின் மூடியைக் கழற்றினார். பெட்ரோல் போகிற சின்ன ரப்பர் குழாய் ஒன்றைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். உருவித் திருப்பி மாட்டினார். ஆமை செய்தே அரை நிமிஷம்தான். கயிற்றை ஒரு இழுப்பு இழுத்ததும் இடிமுழக்கம் முழங்கியது. ஆற்றங்கரையே அதிர்ந்தது.

நாற்பத்தொன்பது மிருகங்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பன்றிதான் முதலில் சொன்னார்: பார்த்தீர்களா நரியின் தந்திரத்தை, பெட்டி வேண்டியிருக்கும் என்று ஆரம்பத்திலேயே தெரிந்து ஒளித்து வைத்திருக்கிறது. எல்லோருக்கும் பளிச்சென்று விளங்கியது. இத்தனை வருஷக் கதைகளும் சும்மாவா?

மாரப்பன் மிஷினை நிறுத்திவிட்டு ராக்கியண்ணனிடம் வந்தது. “கொழாய் எங்க இருக்குதுன்னு பாத்துக்கிட்டேனுங்க. குடுங்க, இங்கயே மாத்திப்போடறேன். ஊட்ல பச்சப்புள்ள இருக்குது” என்றது. அதன் குரலில் குத்தல் எதுவும் இல்லை. எனக்கே ஆச்சரியம்தான்.

ராக்கியண்ணன் மிஷினை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நரி கை வைத்தால் உத்தரவாதம் போய்விடும் என்றார். போய்விடும் என்று பின்னால் நாற்பத்தெட்டுக் குரல்கள் சொன்னன. மாரப்பன் தன் மிஷினைத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்து போனது.

பெட்டி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று சேமலையப்பன் விசாரித்தார். சுகுமாரன் கண்கள் தளும்பின. தனியாகக் கொடுப்பதில்லை, புது மிஷின் வாங்கினால் கூடவே வரும் என்றார். ராக்கியண்ணன் அன்றே வீட்டுக்குப் போய், குட்டிக்கு மருந்துக்கு என்று எடுத்து வைத்திருந்த கொம்புத்தேனைக் கொண்டுவந்து கொடுத்து இரண்டாவது மிஷின் வாங்கினார். பழைய மிஷினுக்குப் பெட்டி வேண்டும், வேறு என்ன செய்வது? பெட்டிமேல் பிளாஸ்டிக் தாள் போர்த்தித் தான் நனைந்தபடி தூக்கிப் போனபோது சர்வீஸ் சென்டரில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை அரை நாள், திங்கட்கிழமை வாருங்கள் என்றார் ஆமை.

பெட்டியைக் குகைக்குக் கொண்டுவந்தார். வெளியே மழை வலுத்தது. அடுப்பு ஜில்லிட்டுக் கிடந்தது. குட்டி மூக்கு வெளுத்து நடுங்கிக்கொண்டிருந்தது. பழனாத்தாள் எழுந்து வந்து பெட்டியை விரலால் தட்டிப் பார்த்தாள். டக் டக்கென்று பேசியது.

“நல்லாக் காஞ்ச பலகைங்க” என்றாள்.

ராக்கியண்ணன் குட்டியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மிஷினை வெளியே எடுத்துப் பழைய மிஷினுக்குப் பக்கத்தில் வைத்து, அதற்கும் ஒரு பொட்டு வைத்தார்.

திங்கட்கிழமை அவர் சாம்பலிலிருந்து ஆணி பொறுக்கிக்கொண்டிருந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் மாரப்பனின் மிஷின் மரம் அறுக்கிற சத்தம் கேட்டது. ராக்கியண்ணன் கையை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். முகம் மலர்ந்தது.

“தங்கமான மிஷின்னு நாங்க அத்தன பேரும் சொன்னமில்ல” என்றார்.

நீதி: விறகு அறுக்க மிஷின் வாங்குவோர் எடை, பல், குதிரைத்திறன் என்று எதையும் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது வருகிற பெட்டி காய்ந்த மரமா என்று மட்டும் தட்டிப் பார்த்து வாங்கவும்.